வாய்க்காலில் மீன் தேடிய டாக்டர்: யார் இந்த ஃபிரான்சிஸ் டே?

மழை ஓய்ந்த மார்கழியில் பாகூர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலில் இன்னும் ஓட்டம் இருக்கும். ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் சின்ன வாய்க்கால்களில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. ஆனால் கரையில் குந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்தால் உள்ளே ஓர் ஊரே இருப்பது தெரியும். கெண்டைக் குஞ்சு, மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும் அயிரை, சேற்றுக்குள் பதுங்கும் குறவை. அதிர்ஷ்டம் இருந்தால், விரல் நீளமே உள்ள, வால் நடுவில் ஊசி போல நீண்டிருக்கும் பழுப்பு நிற மீன் ஒன்றும் கண்ணில் படலாம்.

அந்தச் சின்ன மீனின் அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். அதில் உள்ள 'குபானஸ்' வேறெதுவும் இல்லை, நம்ம அரியாங்குப்பம்தான்! சங்கராபரணி ஆறு வில்லியனூரைத் தாண்டி இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு. அங்கே பிடித்த மீன்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்து, 1831-ல் குவியே, வலன்சியேன் என்ற இரு அறிஞர்களின் மீன் நூலில் இந்தப் பெயரோடு இடம்பெற்றன. ஊர்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் 'அரியான் கூபாங்' ஆகி, லத்தீனில் 'குபானஸ்' ஆகிவிட்டது.

இதே மீனுக்குக் கேரளத்தில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. 1908-ல் அதற்கு 'டேயி' என்று பெயர் வைத்தார்கள். அந்த 'டே' ஒரு மனிதரின் பெயர். (நம்ம ஊரில் அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான் வரும், அது வேறு கதை.) இந்தியாவின் மீன்களைப் பற்றி இன்று யார் ஆராய்ச்சி செய்தாலும் முதலில் புரட்ட வேண்டிய புத்தகத்தை எழுதியவர் அவர்தான்.

மருந்துப் பெட்டியும் மீன் ஜாடியும்

ஃபிரான்சிஸ் டே 1829 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். நிலபுலன் உள்ள வசதியான குடும்பம். மருத்துவம் படித்துவிட்டு 1852-ல் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவின் மீன்களையும் பறவைகளையும் எழுதிவைத்தவர்களில் பாதிப் பேர் ராணுவ டாக்டர்கள்தான். கங்கை மீன்களை எழுதிய ஹாமில்டன் புக்கானன் ஒரு டாக்டர். டேக்கு முன்பே தென்னிந்திய நன்னீர் மீன்களை எழுதிய ஜெர்டனும் டாக்டர். காய்ச்சல் மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரத்தில் ஆற்றங்கரையில் நின்றிருக்கிறார்கள்.

டேயை மீன் பக்கம் இழுத்தது கொச்சி. அங்கே மருத்துவராக இருந்தபோது அந்த ஊரின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார். அடுத்து 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வந்தது. அதன் பிறகு மனிதர் நிற்கவில்லை. கடல் மீன், சந்தை மீன் என்று மட்டும் இருக்காமல் ஓடை, குளம், நெல் வயல் என்று இறங்கினார். தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் குறவை, விரால், பனையேறிக் கெண்டை போன்றவை அவரை ரொம்பவே ஈர்த்தன. செவுள் இருக்கும்போது இதுங்க எதற்கு மேலே வருகின்றன என்று சோதித்து எழுதியிருக்கிறார். நம்ம குபானஸும் இதே கூட்டம்தான். ஆக்சிஜன் குறைந்த தேங்கிய தண்ணீரிலும் பிழைக்கும். ஆண் மீன் வாயால் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும்.

அணை கட்டியவர் எழுப்பிய கேள்வி

கதையின் முக்கியமான இடம் 1860-களின் பிற்பகுதி. காவிரி, கோதாவரியில் அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டன்தான் ஒரு விஷயத்தைக் கிளப்பினார்: இந்த அணைகளால் மீன்வளம் கெடுகிறதே! விசாரிக்கும் வேலை டேயிடம் வந்தது. உல்லம் மீன் கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலே ஏறும் மீன். கொள்ளிடத்தின் கீழணை 1836-ல் கட்டப்பட்டது. அந்தச் சுவர் மீனுக்குப் புரியுமா? அணையின் அடியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், மக்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். அணைகளில் மீன் ஏறிப் போக வழி விட வேண்டும் என்பது டேயின் வாதம்.

1871-ல் இந்தியா, பர்மா இரண்டுக்குமான மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1873-ல் வந்த நன்னீர் மீன்கள் அறிக்கைக்காக நாடு முழுவதும் அதிகாரிகளுக்குக் கேள்விகளை அனுப்பினார். தாசில்தார்கள் வரை பதில் எழுதினார்கள். மீன் குறைகிறதா? வலைக்கண் எவ்வளவு சின்னது? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? இன்றைய கூகுள் ஃபார்ம் மாதிரி, ஆனால் தபாலில்.

பதில்களிலிருந்து அவர் பிடித்துக்கொண்டது இதுதான். பெரிய ஆற்றின் மீன்வளம் ஆற்றில் முடிவாவதில்லை. மழைக்காலத்தில் மீன்கள் சின்ன வாய்க்கால்களிலும் வயல்களிலும் ஏறி முட்டையிடும். தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒவ்வொரு மடையிலும் பறி வைத்தால் அடுத்த வருடத்துக்கு மீன் எங்கிருந்து வரும்? வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், வாய்க்காலில் நிரந்தரப் பொறிகள் கூடாது, தண்ணீரில் விஷம் கலக்கக் கூடாது என்று சட்டம் கேட்டார்.

அரசு உடனே தலையாட்டவில்லை. மடையில் பறி வைப்பவன் ஏழை விவசாயி, அவன் குழம்புச் சட்டியில் கைவைப்பதா என்ற தயக்கம் இருந்தது. என்னைக் கேட்டால் அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அணை கட்டிய அரசைவிடப் பறி பின்னியவன் மீது சட்டம் சுலபமாகப் பாயும். ஆனால் வாய்க்கால்தான் மீனின் பிரசவ அறை என்று டே சொன்னதையும் மறுக்க முடியாது.

அவரும் தவறே செய்யாதவர் இல்லை. இங்கிலாந்தின் ட்ரவுட் மீனை நீலகிரி ஓடைகளுக்குக் கொண்டுவர 1860-களில் முயன்று தோற்றார். பிற்பாடு வேறு சிலர் அதைச் சாதித்தார்கள். உள்ளூர் மீனைக் காக்கச் சொன்னவரே வெளியூர் மீனை விட நினைத்தது அந்தக் காலத்து யோசனை. இன்று நம்ம ஏரி குளங்களில் திலேப்பியா குடியிருப்பதைப் பார்க்கும்போது அது உறுத்துகிறது.

ஜாடிகள் சிட்னிக்குப் போன கதை

1877-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். அதற்குள் இரண்டு மனைவிகளையும் இழந்திருந்தார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' நூலில் 1,400-க்கும் மேற்பட்ட மீன்கள், கிட்டத்தட்ட 200 படத்தாள்கள். அதில் நம்ம குபானஸும் உண்டு.

இவ்வளவு சேகரித்தவரின் ஜாடிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத்தானே போயிருக்க வேண்டும்? அங்கே விலங்கியல் பிரிவின் தலைவர் ஆல்பர்ட் குந்தர். அவரும் மீன் ஆராய்ச்சியாளர். அவருடைய பட்டியலில் டே தப்புக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார், அவரும் விடவில்லை. பகை முற்றி, 1883-ல் டே தன் இந்திய மீன்களில் ஒரு பெரிய பங்கை ஆஸ்திரேலியாவின் சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். மற்றவை கொல்கத்தா, லைடன் என்று பல ஊர்களுக்குச் சிதறின. இரண்டு பெரிய மனிதர்களின் மனஸ்தாபத்தால், ஓர் இந்திய மீனின் மூல மாதிரியைச் சரிபார்க்க இன்றும் சில சமயம் நம் ஆராய்ச்சியாளர்கள் சிட்னிக்கு எழுத வேண்டியிருக்கிறது.

டே 1889 ஜூலை 10 அன்று செல்டன்ஹாமில் இறந்தார். அவர் கேட்ட சட்டம் எட்டு வருடம் கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டமாக வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதற்கு அது தடை போட்டது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் அது பொருந்தவில்லை, ஏனென்றால் 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. சங்கராபரணியில் செஞ்சி பக்கத்திலிருந்து இறங்கி வரும் மீன் பிரிட்டிஷ் சட்டத்தில் கிளம்பி பிரெஞ்சுத் தண்ணீரில் கரையேறியிருக்கும்.

டேயின் புத்தகம் இப்போது 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை வாய்க்கால் கரையில் உட்காரும்போது போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பட்டியலில் பாலியகாந்தஸ் என்று தேட வேண்டும். அந்த மீனுக்கு அவர் காலத்துப் பெயர் அதுதான்.