வலியில்லா அறுவைக்கு ஹூக்ளியில் வழி தேடியவர்: மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயிலின் வாழ்க்கை

மைசூருவிலோ சென்னையிலோ ஒரு சிறுவனுக்கு மருத்துவமனையில் சுன்னத்து எனப்படும் நுனித்தோல் நீக்கச் சிகிச்சை செய்யப்படும்போது, அவனது உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவது இன்று இயல்பான நடைமுறை. விரைவீக்கம் போன்ற சிறு அறுவைகளுக்கும் இதுவே வழக்கம். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய ஊசி கிடையாது. நோயாளியைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து கத்தியை ஓட்டுவது ஒன்றே முறையாக இருந்தது.

அக்காலத்தில், இந்திய மண்ணில், இதே சிகிச்சைகளை வலியின்றிச் செய்ய முடியுமா என்று சோதித்துப் பார்த்து, வெற்றி தோல்வி இரண்டையும் எண்ணிக்கையாகப் பதிவு செய்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில். அவர் நம்பிய கோட்பாடு பிழையானது என்று பின்னர் உறுதியானது. எனினும் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் மருத்துவ ஆய்வில் உயிருடன் இருக்கிறது.

இளமையும் இந்திய வருகையும்

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் 1808 பிப்ரவரி 6-ஆம் தேதி எஸ்டெயில் பிறந்தார். தந்தை கிறித்தவத் திருச்சபைப் போதகர். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற எஸ்டெயிலுக்கு இளமை முதலே மார்புச் சளியும் மூச்சுத்திணறலும் தொல்லை கொடுத்தன. கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து 1831-இல் கல்கத்தா வந்தடைந்தார்.

வங்காளத்தின் தட்பவெப்பமும் அவரது உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளிலேயே உடல் நலிந்து நீண்ட விடுப்பில் சென்ற அவர், எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் பயணம் செய்து, மீண்டும் பணிக்குத் திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றிய நூலொன்றையும் எழுதினார்.

பின்னர் கல்கத்தாவுக்கு வடக்கே, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில் அமைந்த ஹூக்ளி நகரில் பொறுப்பேற்றார். வள்ளல் ஹாஜி முகமது மொஹ்சின் விட்டுச்சென்ற அறக்கட்டளையால் நடந்த இமாம்பாரா மருத்துவமனையும், அந்நகரச் சிறை மருத்துவமனையும் அவரது பொறுப்பில் இருந்தன. அதே அறக்கட்டளையின் நிதியில் 1836-இல் தொடங்கப்பட்ட ஹூக்ளி கல்லூரிக்கும் சில காலம் முதல்வராக இருந்தார்.

1845 ஏப்ரல் 4

வங்காளத்தின் நீர்வளம் மிக்க சமவெளியில் யானைக்கால் நோய் பரவலாக இருந்தது. கால்கள் மட்டுமின்றி ஆண்களின் விதைப்பையும் பெருத்து, நடக்கவோ உழைக்கவோ இயலாத நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். விதைப்பையில் நீர் கோத்து வீங்கும் நோயும் மிகுதி. அந்நீரை வடித்த பின், உள்ளுறைகள் ஒட்டிக்கொள்ளும் பொருட்டு எரிச்சலூட்டும் மருந்துக் கரைசலைச் செலுத்துவார்கள். சிறிய சிகிச்சைதான் என்றாலும் அதன் வேதனை தாங்க முடியாததாக இருந்தது.

1845 ஏப்ரல் 4-ஆம் தேதி, ஹூக்ளி சிறை மருத்துவமனையில் கைதி ஒருவருக்கு இச்சிகிச்சையை எஸ்டெயில் செய்தார். மருந்து உள்ளே சென்றதும் அந்த மனிதர் வலியால் துடித்தார். அவருக்கு ஆறுதலாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில், நூல்களில் மட்டுமே படித்திருந்த மெஸ்மரிசம் என்ற முறையை எஸ்டெயில் முயன்று பார்த்தார். அதற்கு முன் யாரும் அதைச் செய்து அவர் நேரில் கண்டதில்லை. உடனிருந்தவர் உதவி மருத்துவர் பதன் சந்திர சௌத்ரி.

வியன்னாவிலும் பாரிசிலும் பணியாற்றிய ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயரால் அமைந்தது அம்முறை. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றல் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குப் பாய்ந்து நோயைத் தணிக்கிறது என்பது மெஸ்மரின் கொள்கை. 1784-இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு, அப்படியோர் ஆற்றல் இருப்பதற்குச் சான்றில்லை என்றும், காணப்படும் விளைவுகள் கற்பனையின் வேலை என்றும் அறிவித்திருந்தது. வேதியியலாளர் லவாய்சியரும் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர்.

ஹூக்ளியில் எஸ்டெயில் கைதியின் முகத்துக்கு மேலிருந்து வயிறு வரை தம் கைகளை மெதுவாகப் பலமுறை நகர்த்தினார். நேரம் செல்லச் செல்ல அவர் ஆழ்ந்த உறக்கநிலையில் ஆழ்ந்தார். ஊசியால் குத்தியும், நெருப்பைத் தொடச் செய்தும் அசைவில்லை. அழைத்துவரப்பட்ட மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் அதை நேரில் கண்டனர். எஸ்டெயிலின் வாழ்க்கை அன்றோடு திசை மாறியது.

எட்டு மாதக் கணக்கு

எஸ்டெயில் இந்த அனுபவத்தைத் தனி நிகழ்ச்சியாக விட்டுவிடவில்லை. தொடர்ந்து செய்த சிகிச்சைகளைப் பட்டியலிட்டார். முதல் எட்டு மாதங்களில் வலியின்றிச் செய்ததாக அவர் வெளியிட்ட அட்டவணையில் கை துண்டிப்பு, கண்புரை நீக்கம், பல் பிடுங்குதல், கட்டி கீறுதல் எனப் பலவகை அறுவைகள் இடம்பெற்றன. அவற்றுள் நுனித்தோல் நீக்கம் மூன்று. விரைவீக்கத்துக்கான சிகிச்சை ஏழு. 8 பவுண்டு முதல் 80 பவுண்டு வரை, அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் 36 கிலோ வரை, எடை கொண்ட விதைப்பைக் கட்டிகள் 17. இப்பதினேழில் வலி தெரியாமல் நடந்தவை 14 என்று குறிப்பிட்டு, மூன்றில் முறை பலிக்கவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

ஒவ்வொரு நோயாளிக்கும் மணிக்கணக்கில் கைகளை நகர்த்திக்கொண்டிருப்பது அவரது நலிந்த உடலால் ஆகாத வேலை. எனவே மருத்துவமனையில் பணியாற்றிய இந்து, முஸ்லிம் இளைஞர்களுக்கு அம்முறையைக் கற்றுக்கொடுத்தார். இருட்டான அறையில் நோயாளியைப் படுக்கவைத்து, உறக்கம் வரும்வரை அவர்களே பணி செய்தனர். சிலருக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. வேறு சிலருக்கு நாள்கணக்காயிற்று. கத்தி எடுக்கும் கட்டத்தில்தான் எஸ்டெயில் அறைக்குள் வருவார். அவரது புகழின் பெரும்பகுதி இந்த இளைஞர்களின் உழைப்பால் வந்தது.

நோயாளிகள் பலருக்குத் தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. தெரிந்தால் கற்பனையால் வந்த மயக்கம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள் என்பது எஸ்டெயிலின் வாதம். கைதிகளிடமும் ஏழைகளிடமும் அவர்களது இசைவைப் பெறாமல் நடத்தப்பட்ட சோதனை, இன்றைய மருத்துவ அறநெறிப்படி ஏற்கத்தக்கதன்று. அவரது வரலாற்றில் தவிர்க்காமல் குறிப்பிட வேண்டிய பகுதி இது.

அரசுக் குழுவின் முன்

கல்கத்தா மருத்துவ வட்டாரம் எஸ்டெயிலை ஏளனத்துடன் வரவேற்றது. வெள்ளைக்கார மருத்துவரை மகிழ்விக்க நோயாளிகள் நடிக்கிறார்கள் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. கிராமத்து மனிதர்கள் உடலை வெட்டும் கத்தியின் கீழ் யாரையோ மகிழ்விப்பதற்காக அசையாமல் கிடப்பார்கள் என்பதை நம்ப முடியுமா என்பது எஸ்டெயிலின் எதிர்வாதம். தம் மருத்துவமனையைத் தேடி வருவோர் கூடிக்கொண்டே போனதையும் அவர் சான்றாகக் காட்டினார்.

1846-இல் அவரது வேண்டுகோளை ஏற்று, வங்காளத்தின் துணை ஆளுநர் ஹெர்பர்ட் மேடக் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். இந்திய மருத்துவத்தில் கஞ்சாவின் பயன்பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்றவரும், பின்னர் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவருமான வில்லியம் ஓ'ஷாக்னெசி அக்குழுவில் இருந்தார்.

குழுவின் முன் பத்து நோயாளிகள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். மூவருக்குப் பல நாள் முயன்றும் உறக்கம் வராததால் அவர்கள் அனுப்பப்பட்டனர். அறுவை செய்யப்பட்டவர்களில் சிலர் எந்த அசைவும் இன்றிக் கிடந்தனர். வேறு சிலரின் கைகள் இழுத்துக்கொண்டன, உடல் நெளிந்தது, வேதனையை அடக்குவது போல் முகம் கோணியது. ஆனால் விழித்தெழுந்த பின் அவர்கள் அனைவரும் வலி ஏதும் தெரியவில்லை என்றே தெரிவித்தனர்.

குழுவை மிகவும் குழப்பியது இந்த முரண்பாடுதான். வலி இல்லை என்று நோயாளி பிறகு கூறும் சொல் உண்மையா, அறுவை நடந்தபோது அவரது முகம் காட்டிய குறி உண்மையா? வலியை உணர்ந்து மறந்துவிட்டாரா, அல்லது உணரவே இல்லையா? அறுதியிட்டுச் சொல்ல இயலாத குழு, சோதனையைத் தொடரப் பரிந்துரைத்தது. அதன்படி 1846 நவம்பரில் கல்கத்தாவில் ஓராண்டுக்கென ஒரு சிறிய மெஸ்மரிச மருத்துவமனை எஸ்டெயிலிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஈதரின் வருகை

அதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைச் செலுத்தி ஒரு நோயாளியை உணர்விழக்கச் செய்து, வலியற்ற அறுவையை மருத்துவர்கள் கூடிய அவையில் காட்டியிருந்தார். 1847 மார்ச்சில் ஈதர் கல்கத்தாவில் பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்த, 1848 ஜனவரியில் அதுவும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது.

மணிக்கணக்கான உழைப்பும் காத்திருப்பும் தேவைப்பட்ட முறைக்கும், சில நிமிடங்களில் ஏறத்தாழ எல்லோரையும் மயக்கமுறச் செய்த ஆவிக்கும் இடையே போட்டி நீடிக்க வழியில்லை. புதிய மருந்துகளால் உயிராபத்து நேரலாம் என்று எஸ்டெயில் எச்சரித்தார். குளோரோஃபார்மால் மரணங்கள் நிகழ்ந்தபோது அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று என்பது தெரியவந்தது. ஆயினும் மருத்துவ உலகம் அவரைக் கடந்து சென்றுவிட்டது.

அரசின் ஆதரவில் நடந்த மருத்துவமனை ஓராண்டில் மூடப்பட்டது. கல்கத்தாவின் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் நிதி திரட்டி 1848-இல் மீண்டும் ஒன்றைத் திறந்தனர். அதே ஆண்டு ஆளுநர் ஜெனரல் டல்ஹௌசி எஸ்டெயிலுக்கு மாகாணத் தலைநகர் அறுவை மருத்துவர் பதவியை அளித்துச் சிறப்பித்தார். விதைப்பைக் கட்டி அறுவைகள் மட்டும் 161 செய்ததாகவும், அவற்றில் இறப்பு விகிதம் 5 சதவீதமே என்றும் அவர் தெரிவித்தார். அதிர்ச்சியாலும் குருதி இழப்பாலும் பலர் உயிரிழந்துவந்த அறுவை அது என்பதால் அந்த எண்ணிக்கை பேசப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

இருபது ஆண்டுப் பணிக்குப் பின் 1851-இல் எஸ்டெயில் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் குடியேறி, அங்கும் தம் முறையைச் சோதித்தார். ஹூக்ளியில் கண்ட அளவுக்குப் பலன் கிட்டவில்லை. ஈதரைக் கண்டறிந்தவருக்கு ஒரு லட்சம் டாலர் பரிசளிக்கும் திட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் இருந்ததை அறிந்த அவர், வலியற்ற அறுவை அதற்கு முன்பே இந்தியாவில் நடந்தது என்று கூறி 1853-இல் தம் எதிர்ப்பைப் பதிவு செய்தார். பிறகு லண்டனை அடுத்த சிடன்ஹாமுக்கு இடம்பெயர்ந்து, 1859 ஜனவரி 10-ஆம் தேதி, 50 வயதில் காலமானார்.

உடலிலிருந்து உடலுக்கு ஓர் ஆற்றல் பாய்கிறது என்பதை அவர் இறுதிவரை நம்பினார். மான்செஸ்டரில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரெய்டு என்ற மற்றொரு ஸ்காட்லாந்து மருத்துவர், அப்படி ஏதும் பாய்வதில்லை, இது மனத்தின் ஒருவகை நிலை என்று விளக்கி, அதற்கு ஹிப்னாடிசம் என்று பெயரிட்டிருந்தார். அறிவியல் பிரெய்டின் வழியையே ஏற்றது.

தொடரும் கேள்வி

எஸ்டெயில் கைவைத்த அதே சிறு அறுவைகளில் வலி நிவாரணம் பின்னர் வேறு பாதையில் வளர்ந்தது. 1884-இல் கார்ல் கோலர் கொக்கெய்னால் கண்ணை மரத்துப்போகச் செய்தார். 1901-இல் பாரிசில் சிக்கார், கத்தலான் ஆகிய இருவரும் முதுகுத்தண்டின் அடிப்பகுதி வழியே மருந்து செலுத்தும் முறையைத் தனித்தனியே விவரித்தனர். 1933-இல் அமெரிக்காவின் மெரிடித் கேம்ப்பெல் அதைச் சிறுவர்களின் சிறுநீர்ப்பாதைச் சிகிச்சைகளுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். மைசூரு உள்ளிட்ட நகரங்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறுவர்களுக்கு இன்று போடப்படும் ஊசி அதன் வழிவந்ததே.

இருந்தும், பச்சிளம் குழந்தைகள் வலியை உணர்வதில்லை, உணர்ந்தாலும் நினைவில் வைப்பதில்லை என்ற எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மருத்துவர் பலரிடம் நிலைத்திருந்தது. இந்திய வம்சாவளி மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் உள்ளிட்டோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வுகள் அதைத் தகர்த்தன. நுனித்தோல் நீக்கத்தின்போது குழந்தைக்கு வலி நிவாரணம் அளிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1999-இல் அறிவித்தது.

பேச இயலாத குழந்தையின் வலியை அளக்க 1997-இல் உருவான அளவுகோல் ஒன்று இன்று இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் தந்து, பத்துக்குக் கணக்கிடுவார்கள். 1846-இல் கல்கத்தாக் குழு கண்டு திகைத்த முகக் கோணலும் உடல் நெளிவும் இப்போது வலியின் சான்றாகவே எண்ணப்படுகின்றன. பத்துப் பேரில் சிலரது முகம் சொன்னதை அன்று யாராலும் அளக்க இயலவில்லை. அதை அளக்க வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் உண்டாக்கியவர்களுள் ஒருவராக எஸ்டெயில் நினைவுகூரப்படுகிறார்.