ஸ்டான்லி ஹூக்கர்

சர் ஸ்டான்லி ஜார்ஜ் ஹூக்கர் (செப்டம்பர் 30, 1907 - மே 24, 1984) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் வானூர்திப் பொறி வடிவமைப்பாளரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் பொறிக்குள் காற்றுச் செல்லும் வழியைத் திருத்தி அதன் திறனை உயர்த்தியவர். பின்னர் பல தாரைப் பொறிகளின் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கினார்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள ஷீர்னெஸ் என்னும் ஊரில் பிறந்தார். உதவித்தொகை பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் பயின்றார். பாய்ம இயக்கவியலில் ஆர்வம் கொண்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்து 1935 இல் முனைவர் பட்டம் பெற்றார். சில காலம் கடற்படையின் அறிவியல் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிவிட்டு, 1938 சனவரியில் டார்பி நகரிலிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

மெர்லின் பொறி

நிறுவனத்தில் அவருக்கு முதலில் குறிப்பான வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்ட சூப்பர்சார்ஜர் சோதனை முடிவுகளை எடுத்துவைத்துக் கணக்கிடத் தொடங்கினார்.

எரிபொருளை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. அதை எரிப்பதற்கான காற்றைப் பெறுவதே கடினம். 20,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். இக்குறையை ஈடுசெய்ய, நிமிடத்திற்கு 25,000 முறைக்கு மேல் சுழலும் சூப்பர்சார்ஜர் சக்கரம் காற்றை அழுத்தி உருளைகளுக்கு அனுப்பியது. அச்சக்கரமும், அதைச் சுற்றியிருந்த காற்றுப்பரப்பியும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பயனுறுதிறனுடன் இயங்குவதைக் ஹூக்கரின் கணக்குகள் காட்டின. கார்புரேட்டரிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் உட்கொள் குழாயிலும் குறை இருந்தது. இடநெருக்கடியால் அது சட்டென்று வளைந்து, காற்றின் ஓட்டத்தைத் தடுத்தது.

சூப்பர்சார்ஜர்களில் வல்லுநராக விளங்கிய ஜேம்ஸ் எல்லர் அறிக்கையைப் படித்தார். தம் துறையில் வேறொருவர் குறை கண்டதற்காகச் சினம் கொள்ளாமல், அப்பணியை ஹூக்கரிடமே ஒப்படைத்தார். எல்லரின் இந்தப் பெருந்தன்மை இல்லாவிடில் அறிக்கை அலமாரியிலேயே கிடந்திருக்கக்கூடும்.

திருத்தப்பட்ட அமைப்பு மெர்லின் 20, மெர்லின் 45 பொறிகளில் இடம்பெற்றது. பொறி முழுத்திறனைத் தக்கவைக்கும் உயரம் சுமார் 16,000 அடியிலிருந்து 18,000 அடிக்கும் மேல் உயர்ந்தது. உருளைகளின் கொள்ளளவு மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்று மகிழுந்தின் காற்று வடிகட்டியையும் உட்கொள் குழாயையும் மாற்றுவோர் நாடுவதும் இதே பயனைத்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு: பாலைவனப் புழுதியைத் தடுக்க ஸ்பிட்ஃபயர் வானூர்திகளின் மூக்கின் கீழ்ப் பெரிய வடிகட்டிகள் பொருத்தப்பட்டபோது அவற்றின் வேகம் குறைந்தது.

1941 இன் பிற்பகுதியில் செருமனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர்க்களத்திற்கு வந்தது. மெர்லின் 45 பூட்டிய ஸ்பிட்ஃபயர் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் விமானிகளை இழந்தது. அதற்குள் ஹூக்கர் குழுவினர், உயரத்தில் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு வானூர்திக்காக இரண்டு சக்கரங்களை அடுத்தடுத்து வைத்து, அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பையும் சேர்த்திருந்தனர். அந்தப் பொறியே ஸ்பிட்ஃபயரில் பொருத்தப்பட்டு, 1942 சூலையில் ஸ்பிட்ஃபயர் 9 ஆகப் பணிக்கு வந்தது. இழந்த சமநிலை மீண்டது.

தாரைப் பொறிகள்

1943 இல் பார்னோல்ட்ஸ்விக் தாரைப் பொறித் தொழிற்சாலை ரோல்ஸ்-ராய்ஸ் வசம் வந்தபோது அங்கு தலைமைப் பொறியாளரானார். வெலண்ட், டெர்வென்ட், நீன் ஆகிய பொறிகள் அங்கு உருவாயின. நிறுவனத் தலைவர் எர்னெஸ்ட் ஹைவ்சுடன் ஏற்பட்ட பிணக்கால் விலகி, பிரிஸ்டல் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு புரோட்டியஸ் பொறி அவரைப் பெரிதும் அலைக்கழித்தது. 1954 பிப்ரவரியில் சோதனைப் பறப்பின்போது பொறி தீப்பற்றியதால் பிரிட்டானியா வானூர்தி ஒன்று செவர்ன் கழிமுகச் சேற்றில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை. செய்தியறிந்த ஹைவ்ஸ், பழைய பகையைப் பாராட்டாமல் தொலைபேசியில் அழைத்து, தம் மூத்த பொறியாளர்களை உதவிக்கு அனுப்பினார். 1956 இல் மற்றொரு சிக்கல் எழுந்தது. புரோட்டியசில் காற்று பின்னோக்கிச் சென்று திரும்பி நுழைய வேண்டியிருந்தது. வெப்பமண்டல மேகங்களில் அத்திருப்பத்தில் பனி படிந்து பொறி அணைந்தது. மீண்டும் ஒரு வளைவுதான்! சூடான காற்றைச் செலுத்தியும் தீமூட்டிகளைப் பொருத்தியும் இது சரிசெய்யப்பட்டது.

கான்கார்டின் ஒலிம்பஸ், ஆரியரின் பெகாசஸ் ஆகியவையும் அவர் தலைமையில் வளர்ந்தவையே. ஆர்ஃபியஸ் பொறி பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது; நேட், மாருத் ஆகிய இந்தியப் போர் வானூர்திகள் அதனால் இயங்கின.

ஓய்வும் மீள்வருகையும்

1966 இல் பிரிஸ்டலின் பொறிப் பிரிவு ரோல்ஸ்-ராய்சுடன் இணைந்தது. ஹூக்கர் 1970 இல் ஓய்வு பெற்றார். ஆர்பி211 பொறியின் செலவால் 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் நொடித்தது. அறுபத்து மூன்று வயதில் டார்பிக்குத் திரும்பிய அவர், தொழில்நுட்ப இயக்குநராகி அப்பொறியைச் சீர்செய்தார். 1972 இல் அது லாக்ஹீட் டிரைஸ்டார் வானூர்தியில் பயணிகள் சேவைக்கு வந்தது. 1974 இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது.

முதல் நேர்காணலில் ஹைவ்ஸ் அவரைப் பொறியாளர் என்று சொல்லத் தயங்கினார். அதை நினைவுகூரும் தலைப்பில் ஹூக்கர் எழுதிய தன்வரலாறு, அவர் இறந்த 1984 ஆம் ஆண்டு வெளியானது.