மன்னாரில் வளர்ந்த கண்டி அரசி

சொத்துக்கு வாரிசான பெண்ணைப் பிரபு மணக்கும் சரித்திரக் காதல் கதைகள் பல. குசுமாசன தேவிக்கு இருந்த சொத்து கண்டி இராச்சியம்.

சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது, அவரது தந்தை கரலியத்த பண்டார குழந்தையுடன் திருகோணமலைப் பக்கம் தப்பியோடி, அம்மைநோயில் இறந்தார். அநாதையான குழந்தையைப் போர்த்துக்கேயர் தோனா கதரீனா என்ற பெயரில் மன்னாரில் வளர்த்தனர்.

1594இல் தளபதி பேத்ரோ லோபஸ் த சூசா அவரை அரசியாக்கப் படையோடு புறப்பட்டார். இன்று ரம்புக்கனையைத் தாண்டி ரயில் ஏறும் மலைத்தொடரில், பலனை கணவாய் வழியாக அந்தப் படை ஏறியது. வெள்ளையர் ஒருவருக்கு அவரை மணமுடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் மலைநாட்டார் எதிர்த்துத் திரும்பினர். தந்துறையில் படை அழிந்தது.

வென்ற கோணப்பு பண்டார, சிறைப்பட்ட இளவரசியை மணந்து விமலதர்மசூரியனாக ஆட்சியை உறுதிப்படுத்திக்கொண்டான். 1604இல் அவன் இறக்க, அடுத்து அரசனான செனரத்தும் அவரையே மணந்தான். இரு அரசர்களுக்கும் அவர் கைப்பிடித்ததே உரிமைப் பத்திரம். அவருடைய விருப்பத்தை யார் கேட்டார்கள்?

1613இல், முப்பதுகளிலேயே அவர் இறந்தார். அவரது மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு கூட்டுச் சேர்ந்தான். தாய் வளர்ந்த மன்னார் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது.