சாறு ஏறும் வழியைத் தேடியவர்

புனே நகரின் கேம்ப் பகுதியை அடுத்துள்ள எம்பிரஸ் தோட்டத்தில் முதிர்ந்த மரங்கள் பல ஓங்கி நிற்கின்றன. அவற்றின் வேர்கள் உறிஞ்சும் நீர், மோட்டாரின் துணையின்றி உச்சிக் கிளையின் தளிரை எட்டுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய இந்திய அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அக்காலத்தில் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தனர். அரசு அலுவலரான அவர்தம் தந்தையோ, மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே எளிய குடும்பத்துப் பிள்ளைகளுடன் அமர்ந்து, பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தார். இயற்கையின்மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது.

கொல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றபின், 1885 ஆம் ஆண்டு கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஐரோப்பியரைவிட இந்தியருக்கு ஊதியம் குறைவு. அதனை எதிர்த்து மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே பாடம் நடத்தினார். இறுதியில் நிருவாகம் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

மின்னலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற போஸ், பின்னர்த் தாவரங்கள்பால் கருத்தைச் செலுத்தினார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். 1917 ஆம் ஆண்டு கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார்.

நீர் மேலேறும் வழியை அறிய, மின்கருவியுடன் இணைத்த நுண்ணிய ஊசியைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தினார். பட்டையின் உட்புறத்திலுள்ள ஓர் அடுக்கில் மின்துடிப்பு மிகுந்தது. இதயம் குருதியைச் செலுத்துவதுபோல, அங்குள்ள உயிரணுக்கள் சுருங்கி விரிந்து நீரை மேலேற்றுகின்றன என்று அவர் முடிவு செய்தார். 1923 ஆம் ஆண்டு இதனை நூலாகவும் வெளியிட்டார்.

அறிஞர் பலர் இம்முடிவை ஏற்கவில்லை. அயர்லாந்து நாட்டின் டிக்சன், ஜோலி ஆகியோர் 1894 ஆம் ஆண்டிலேயே வேறு விளக்கம் தந்திருந்தனர். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆதலின் மேலே நீர் வெளியேற வெளியேற, கீழுள்ள நீர் அறுபடாத கயிறுபோல இழுபட்டு மேலேறுகிறது. அது செல்லும் சைலக் குழாய்கள் இறந்த அணுக்களால் ஆனவை; அங்கே துடிக்கும் இதயம் தேவையில்லை. இவ்விளக்கமே இன்று ஏற்கப்படுகிறது. இலைகள் ஆக்கிய சர்க்கரையோ, உயிருள்ள ஃபுளோயக் குழாய்கள் வழியே வேருக்கும் கனிக்கும் செல்கிறது.

அவ்வாறாயின் போஸின் உழைப்பு வீணா? இல்லை. தாவரங்களுக்குள் மின்குறிப்புகள் ஓடுகின்றன என்று அவர் காட்டிய உண்மை நிலைபெற்றுள்ளது. அவர் 1937 ஆம் ஆண்டு மறைந்தார். அவர் நிறுவிய ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது.

சொன்னவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் கருத்தும் சோதனைக்கு உட்பட்டதே. கருத்து மறுக்கப்பட்டாலும், வினா எழுப்பி உழைத்தவரின் பெருமை குறைவதில்லை. போஸின் வாழ்வு இவ்விரண்டையும் உணர்த்துகிறது.

செய்து பார்க்க: வெண்ணிறச் சம்பங்கிப் பூங்காம்பு ஒன்றை நீல மை கலந்த நீரில் ஓரிரவு நிறுத்தி வைக்க. மறுநாள் இதழ்களில் கண்ட மாற்றத்தையும் அதன் காரணத்தையும் ஐந்து வரிகளில் எழுதுக.