கம்பிகளுக்குக் கணக்கு வகுத்த அம்மையார்

மழைக்காலத்தில் நம் சாரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், பாடப்புத்தகத்தை மூடிவைக்க நம்மில் பலர் தயங்குவதில்லை! அந்த மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து வருவதற்கு எத்தனை கணக்குகள் வேண்டும்! அத்தகைய கணக்குகளுக்கே வாழ்வை அளித்தவர், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான ஏ. லலிதா அம்மையார்.

1919 ஆகஸ்ட் 27-இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 15 வயதில் மணம். 18 வயதில், பெண் குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது, கணவர் இறந்தார். கைம்பெண்ணை வீட்டின் மூலையில் ஒதுக்கிய காலம் அது. அம்மையாரோ ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, 1940-இல் கிண்டியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அதுவரை ஆண்களே பயின்ற கல்லூரி! லீலம்மா ஜார்ஜ், பி. கே. தெரேசியா இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்ததால் துணை கிடைத்தது. பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துத் திருத்தித் தர வேண்டியதாயிற்று.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, பின் சிம்லாவில் அலுவல். 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தமையனார் வீடு இருந்தது. குழந்தையைப் பற்றிய கவலை குறைந்தது. மின்கடத்தும் கம்பித் தொடர்கள், துணை மின்நிலையங்கள், பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு.

அவ்வேலையின் அடிப்படை, நாம் பௌதிக வகுப்பில் படிக்கும் மின்னெதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ்தான். 30 ஓம் மின்தடை, 70 ஓம் எதிர்ப்புள்ள கம்பிச்சுருள், 30 ஓம் எதிர்ப்புள்ள மின்தேக்கி மூன்றையும் தொடராக இணைத்து மாறுதிசை மின்னோட்டம் செலுத்தினால், மொத்தம் 130 என்று கூட்டத் தோன்றும். தவறு! சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குப் பின்தங்கும், தேக்கியில் முந்தும். ஆகவே ஒன்றை ஒன்று குறைத்து 40 ஓம் மிஞ்சும். இந்த 40-உம் தடையின் 30-உம் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள்; கர்ணமாகிய 50 ஓமே விடை.

நீண்ட மின்கம்பியில் தனியே சுருளும் தேக்கியும் வைக்கப்படாமல் இருக்கலாம். ஆயினும் அவை உண்டு. கம்பியைச் சூழ்ந்த காந்தப்புலம் சுருளின் வேலையையும், கம்பிகளுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட காற்றுவெளி தேக்கியின் வேலையையும் செய்யும். கம்பியில் எங்கோ பழுது நேர்ந்தால், நிலையத்தில் அளந்த மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, வரும் எதிர்ப்பைக் கொண்டே தொலைவை அறியலாம். பாதுகாப்புக் கருவிகளுள் ஒரு வகை இப்படித்தான் இயங்குகிறது.

1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் அம்மையார் கலந்துகொண்டார். 1977-இல் ஓய்வு பெற்று, 1979 அக்டோபர் 12-இல், 60-ஆம் வயதில் காலமானார்.