யூஜீன் புல்லர்டு

ஆற்றல் நிறம் பார்த்து வருவதன்று. ஆயினும் அதனை அளக்கப் புகும் மாந்தர் பன்முறையும் நிறத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இதற்குச் சான்றாவது யூஜீன் புல்லர்டு என்னும் வீரரின் வாழ்க்கை. அமெரிக்கக் கறுப்பருள் முதன்முதற் போர் விமானியாய் விளங்கிய இவர், தம் தாய்நாட்டுப் படையில் ஒரு நாளேனும் பறக்கும் பேறு பெற்றிலர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

புல்லர்டு 1895-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாலுள்ள ஜார்ஜியா மாகாணத்துக் கொலம்பஸ் நகரிற் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் கழிந்தும், கறுப்பரைக் கூட்டமாகச் சூழ்ந்து விசாரணையின்றிக் கொல்லுங் கொடுமை ஆங்கு ஒழிந்தபாடில்லை. அத்தகைய கூட்டமொன்று ஓரிரவில் அவர் தந்தையாரையும் தேடி வந்தது; அவர் உயிர் தப்பியது அரிதாயிற்று. பிரான்சு தேயத்தில் நிறவேற்றுமை பாராட்டுவதில்லை என்று தந்தையார் கூறக் கேட்டிருந்த சிறுவர், அந்நாட்டையே தம் உள்ளத்திற் குறியாகக் கொண்டு, பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் அலைந்து திரிந்து, 1912-இல் ஜெர்மானியக் கப்பலொன்றில் ஒளிந்திருந்து ஸ்காத்லாந்தை அடைந்தார். பின்னர்க் குத்துச்சண்டை பயின்று, அதனையே பிழைப்பாகக் கொண்டு, 1913-இல் பாரிஸ் நகரைக் கண்டார். கண்டவர் அதனைத் தம் ஊராகவே ஏற்றுக்கொண்டார்.

மறு ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. புல்லர்டு 1914 அக்டோபரில் பிரெஞ்சு அரசின் அயல்நாட்டார் படையிற் சேர்ந்தார். 1916 மார்ச்சில் வெர்டன் களத்தில் காலிற் கொடிய புண்பட்டார். அவர் மறத்தைப் பாராட்டிப் பிரெஞ்சு அரசு போர்ச் சிலுவை என்னும் விருதளித்தது. காலாட்படைக்கு இனி உதவார் என மருத்துவர் கருதிய அவர், மருத்துவமனையினின்று வெளிவந்து விமானப்படையை நாடினார். 1917 மே 5-ஆம் நாள் விமானியாகும் உரிமைச்சீட்டும் பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் ஏறத்தாழ இருபது முறை போர்க்களத்தின்மீது பறந்தனர். ஜிம்மி என்னும் சிறு குரங்கையும் உடன்கொண்டு பறப்பது அவர் வழக்கம்.

இந்நிலையில் அமெரிக்காவும் போரிற் புகுந்தது. பிரெஞ்சுப் படையிலிருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு மாற்றிக்கொள்ள முற்பட்டது. புல்லர்டும் விண்ணப்பித்துத் தேர்வுக்கு நின்றார். உடன் பறந்த வெள்ளையர் ஏற்கப்பட்டனர், அவர் ஏற்கப்பட்டிலர். பயிற்சியும் களத்திற் பெற்ற விருதும் அவர்பால் இருந்தன. வெண்ணிறம் ஒன்றே இல்லாதிருந்தது. சின்னாளில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரோடு நேர்ந்த பிணக்கினால் விமானப்படையினின்றும் நீக்கப்பெற்று, மீண்டும் காலாட்படைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய வானப்போர் அத்துடன் முடிந்தது. அமெரிக்க இராணுவம் கறுப்பர்க்கு விமானப் பயிற்சியளிக்க இசைந்தது 1941-இலேயே. டஸ்கீகி நகரிற் பயின்ற ஏறத்தாழ ஆயிரம் கறுப்பு விமானிகளும் தனிப்படையாகவே பிரித்து வைக்கப்பட்டனர்; படைகளில் அப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-இலே பிறந்தது.

போருக்குப் பின் புல்லர்டு பாரிஸில் இசைக்குழுவில் முரசு கொட்டியும், இரவு விடுதி நடத்தியும் வாழ்ந்தார். 1940-இல் ஜெர்மானியர் பிரான்சிற் புகுந்தபோது, நாற்பத்து நான்கு வயதினராயிருந்தும் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார். ஓர்லேயான் நகரருகே முதுகில் அடிபட்டு, ஸ்பெயின் வழியாகத் தப்பி நியூயார்க் சேர்ந்தார். ஆங்கு அவரை அறிவார் இலர். வாசனைத் தைலம் விற்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இறுதியில் ராக்பெல்லர் மாளிகையில் மின்தூக்கி இயக்குபவராயினர். ஒருகால் முகிற்கூட்டத்தைப் பிளந்து ஏறியவர், அடைத்த சிறு பெட்டிக்குள் நின்று பிறரை ஏற்றியும் இறக்கியும் நாள் கழித்தார். அப்பெட்டியில் ஏறி இறங்கியோருள் அவரை உற்று நோக்கினார் எத்துணையரோ!

பிரான்சு அவரை மறந்திலது. 1954-இல் பாரிஸிலுள்ள பெயரறியா வீரன் கல்லறையின் அணையா விளக்கைத் தூண்டும் பெருமைக்கு அழைத்தது; 1959-இல் உயர்ந்த விருதாகிய லீஜன் ஆப் ஆனர் அளித்தது. அவ்வாண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோதும் மின்தூக்கிப் பணியாளுக்குரிய உடையே அவர் மேனியில் இருந்தது. 1961 அக்டோபர் 12-ஆம் நாள் இயற்கை எய்தினார். பிரெஞ்சுப் போர்வீரர்க்குரிய இடத்தில், அயல்நாட்டார் படையின் சீருடையோடு அடக்கம் செய்யப்பெற்றார். அவர் பிறந்த நாடு 1994-இல் அவருக்கு விமானப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி அளித்தது. விண்ணப்பித்தது 1917, விடை வந்தது எழுபத்தேழு ஆண்டு கழித்து.

மாணவ நண்பர்காள்! காலந்தாழ்த்து வந்த அப்பதவியால் இறந்தவர்க்கு ஆவதொன்றுமில்லை. தவறுணர்ந்த நாட்டிற்கே அது நன்மை. இருக்கும்போது அளிக்காத மதிப்பை இறந்தபின் கல்லிற் பொறித்தல் எளிது. நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயில்வோரையும், நாம் நாள்தோறும் ஏறிச்செல்லும் வாயிலில் நின்று பணிபுரிவோரையும் அவர் உயிரோடிருக்கையிலேயே அறிந்து மதித்தலன்றோ அரிது? அவ்வரிய செயலைப் பயில்வதே புல்லர்டுக்கு நாம் செய்யும் உண்மை வணக்கமாகும்.