சாகா மருந்து கேட்ட செங்கிஸ்கான்

குட்டீஸ், செங்கிஸ்கான் பெயரைக் கேட்டாலே நாடுகள் நடுங்கிய காலம் அது. அவரிடமே இல்லை என்று சொன்ன துறவியைத் தெரியுமா?

அவர் பெயர் சியூ சூஜி. சீனாவின் ஷான்டாங் பகுதியில் 1148ல் பிறந்தார். இளம் வயதிலேயே தாவோ மதத் துறவியானார். திருமணம் இல்லை, இறைச்சி இல்லை, எந்த உயிரையும் கொல்வதில்லை என்பது அந்தத் துறவிகள் ஏற்கும் விரதம். குகையில் பல ஆண்டுகள் தவமிருந்தார்.

1219ல் செங்கிஸ்கான் ஆளனுப்பி அழைத்தார். எழுபது வயதைத் தாண்டிய தாத்தா, பாலைவனமும் பனிமலையும் கடந்து போனார், பாருங்கள்! 1222ல் இந்துகுஷ் மலையருகே சந்திப்பு. கான் கேட்டது சாகாமல் இருக்க மருந்து. ஏதாவது ஒரு வேரைக் கொடுத்திருந்தால் பொன் குவிந்திருக்கும். அவரோ, உடம்பைப் பேண வழி உண்டு, சாகா மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். தலை போகுமோ என்று சீடர்கள் பயந்திருப்பார்கள், இல்லையா? கானோ அவருடைய நேர்மையை மெச்சினார்!

அடுத்த ஆண்டு பன்றி வேட்டையில் கான் குதிரையிலிருந்து விழுந்தார். உயிர்கள் மேல் இரக்கம் வையுங்கள், வேட்டையைக் குறையுங்கள் என்றார் துறவி. இரண்டு மாதம் கான் வேட்டைக்கே போகவில்லை.

இருவரும் 1227ல் மறைந்தனர். துறவியின் சமாதி பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் இருக்கிறது. அவர் பிறந்தநாளில் ஆசி வேண்டி அங்கு போவது பழைய வழக்கம். வாயிலில் செதுக்கிய குட்டிக் கல் குரங்கைத் தடவினால் நல்லது நடக்குமாம். தடவித் தடவியே அது வழவழப்பாகிவிட்டது!